பேப்பரில் இல்லாத வரி

போன மாதம் உங்கள் மேலாளர் எனக்குப் போன் செய்தார். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக்கொடுங்கள் மேடம் என்றார். வாங்கிய பாராட்டுகளை எழுதி அனுப்புவேன் என்று நினைத்திருப்பார், பாவம். நான் வாங்கிய ஒரே ஒரு மெமோவைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் ஆறு பேருக்கும் ஒரு பழக்கம் இருக்கும், பார்க்காமலே சொல்வேன். கடையில் ஒரு ஃபேஸ்வாஷைக் கையில் எடுத்தால் உடனே பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பீர்கள். வேதியியல் படித்தவர்கள், படிக்கத்தான் செய்வீர்கள். நானும் அப்படித்தான். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது ஒரு பெண் போனில் இரண்டு படத்தைக் காட்டி, ஆன்ட்டி, இதுல எது பெட்டர் என்று கேட்பாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பாடம் எடுப்பேன். பட்டியலில் முதலில் வருவது அதிகம், போகப் போகக் குறைவு. முதல் பெயர் பெரும்பாலும் தண்ணீர். அடுத்தது அழுக்கை எடுக்கும் நுரைப்பொருள், முகம் வறண்டுபோகுமா இல்லையா என்பது பெரும்பாலும் அதன் கையில் இருக்கிறது. பிறகு ஈரம் காக்கும் கிளிசரின் மாதிரியான சமாச்சாரங்கள். கடைசியில் சரக்கு கெடாமல் காக்கும் மருந்தும் வாசனையும். முன்பக்கப் படத்தில் பளபளவென்று வெட்டி வைத்திருக்கும் பப்பாளி, பின்பக்கம் வாசனைக்குப் பக்கத்தில் துளியூண்டு கிடக்கும். இதைச் சொன்னதும் கேட்டவள் முகம் வாடும். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

நான் வேலை பார்த்தது படப்பையைத் தாண்டி இருந்த ஒரு ஆலையில். அதற்குச் சொந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூடக் கிடையாது. நாலைந்து கம்பெனிகளுக்கு ஃபேஸ்வாஷ் தயாரித்து, அவரவர் லேபிளை ஒட்டி அனுப்புவோம். தரக்கட்டுப்பாட்டுக்கு நான் தலைமை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி கேட்டைத் தாண்டாது. முதுகுக்குப் பின்னால் என்னை 'ரிஜெக்ட் மேடம்' என்பார்கள். நேரில் சொல்லியிருந்தாலும் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன், அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் தயாரித்ததில் ஒன்று வெள்ளை பாட்டில், பச்சை மூடி. ஒவ்வாமை உள்ள தோலுக்கானது. எம்.ஐ. சேர்க்கப்படவில்லை என்று முன்பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். எம்.ஐ. என்பது கெடாமல் காக்கும் மருந்துகளில் ஒன்று. முழுப் பெயர் முழ நீளம் இருக்கும், அதனால் எல்லோரும் சுருக்கித்தான் சொல்வோம். நிறையப் பேருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் கொஞ்சம் பட்டாலே போதும், கண் இமை வீங்கித் தோல் உரிய ஆரம்பித்துவிடும். அப்படி அவதிப்பட்டவர்கள் கடை கடையாகத் தேடி வாங்குவது இந்த வெள்ளை பாட்டிலைத்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். உங்கள் ஆலையில் இப்படி உண்டா என்று தெரியவில்லை, எங்கள் ஆலையில் இருந்தது. லேபிள் ஒட்டும் மெஷின் காலையில் ஒழுங்குக்கு வரும்வரை சில பாட்டில்களில் கோணலாக ஒட்டிவிடும். உள்ளே இருப்பது நல்ல சரக்கு, சட்டை மட்டும் கோணல். விதிப்படி அவற்றை வெட்டி, சரக்கைக் கொட்டி, அழித்துவிட்டதாக எழுத வேண்டும். எழுதுவோம். ஆனால் பாட்டில்கள் சாப்பாட்டுப் பையில் ஏறி வீட்டுக்குப் போய்விடும். பேக்கிங் பெண்கள் சண்டை வராமல் முறைவைத்து எடுத்துக்கொள்வார்கள். 'கோணல்' என்றே அதற்குப் பெயர். இன்னிக்கு யாரு கோணல் என்று கேட்டால் இன்று யாருடைய முறை என்று அர்த்தம். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போவார். ஆலை மேலாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் எவளாவது பையும் பாட்டிலுமாகப் பிடிபட்டால் அது திருட்டு, அன்றோடு வேலை போச்சு. முந்தின வருடம் வேறொரு பிரிவில் ஒரு பெண்ணை அப்படித்தான் வெளியே அனுப்பினார்கள்.

பேக்கிங்கில் கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள். படப்பைப் பக்கத்துக் கிராமம். கணவர் இல்லை, ஒரே பெண். பெண் மோனிஷா தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். அந்தப் பெண் ஒருமுறை வெயிலுக்கு ஏதோ ஈரத் தாளை வாங்கி முகம் துடைத்து, இரண்டு கண்ணும் வீங்கிப்போனது. அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் முதுகில் வரிசையாகப் பட்டை ஒட்டிச் சோதித்துவிட்டு, உனக்கு ஆகாதது இந்த எம்.ஐ.தான் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். கன்னியம்மா அந்தச் சீட்டை என்னிடம் கொண்டுவந்தாள். நான் எங்கள் எல்லா ஃபேஸ்வாஷின் பட்டியலையும் அவள் எதிரிலேயே மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் வெள்ளை பாட்டிலைத் தட்டிக் காட்டினேன்.

"இது ஒண்ணுதான் உம் பொண்ணுக்கு. பயப்படாம போடச் சொல்லு."

அதற்கப்புறம் கோணல் முறை வரும்போது அவள் வேறு எந்த பாட்டிலையும் தொட்டதில்லை. ஒன்றரை வருடம் மோனிஷா அதைத்தான் போட்டாள். முகம் கண்ணாடி மாதிரி இருக்கிறது மேடம் என்று ஒருநாள் கன்னியம்மா சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன். நுரைப்பொருள் எங்களுக்குப் பெரிய நீல டிரம்களில் வரும். வழக்கமாகத் தரும் கம்பெனியிடம் அந்த மாதம் சரக்கு இல்லை. இன்னொரு கம்பெனி உடனே தருவதாகச் சொன்னது. இப்படி ஆளை மாற்றும்போது இரண்டு கம்பெனியின் விவரத் தாள்களையும் ஒப்பிட்டு நான் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெயர் ஒன்று, அடர்த்தி ஒன்று, நிறம், வாடை, காரத்தன்மை எல்லாம் ஒன்று. பென்சிலால் வரிக்கு வரி டிக் அடித்துக்கொண்டே போனேன். 'வித்தியாசம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கான்டீனிலிருந்து வந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்த டிரம்மை வைத்து வெள்ளை பாட்டிலுக்கு ஒரு பேட்ச் தயாரித்தோம். செய்ய வேண்டிய சோதனை எல்லாம் செய்தோம், எல்லாம் பாஸ். திங்கட்கிழமை பேக்கிங் தொடங்கியது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு லாரி வரும், நான்கு மணிக்குச் சரக்கோடு கிளம்பும் என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை கன்னியம்மா லேப் வாசலில் வந்து நின்றாள். வெள்ளை பாட்டிலில் ஏதாவது மாற்றினீர்களா மேடம் என்று கேட்டாள். என் முன்னால் கையெழுத்துக்குக் காகிதம் மலையாகக் கிடந்தது. தலையைத் தூக்காமலே, ஒண்ணும் மாத்தல, ஏன் கேக்குற என்றேன். சும்மாதான் என்றாள். சும்மா கேட்டுக்கொண்டிருக்க இது என்ன டீக்கடையா, போய் லைனில் நில் என்று விரட்டிவிட்டேன். என் வாய் அப்படி. அந்த ஒரு நிமிடத்தில் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. பேக்கிங் ஹால் வழியாகப் போனேன். அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் கன்னியம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸ் திறக்காமல் பக்கத்தில் இருந்தது. மடியில் இரண்டு வெள்ளை பாட்டில். ஒன்று தீர்ந்துபோன பழையது, இன்னொன்று புதிது. இரண்டையும் பின்பக்கம் திருப்பி வைத்து, பழைய பாட்டிலில் ஒரு எழுத்தின்மேல் விரல் வைப்பாள், புது பாட்டிலில் அதே இடத்தில் விரல் வைப்பாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் பாட்டில்களை மேல்கோட்டுக்குள் தள்ளினாள். கை கழுவும் இடத்துக்குப் பின்னால் அழைத்துப்போய் என்ன விஷயம் என்று கேட்டேன். திருட்டுப் பட்டம் கட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம் கண்ணில் தெரிந்தது. அப்போது நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். உன் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன், எங்கேயும் எழுத மாட்டேன், என்ன ஆச்சு என்று மட்டும் சொல் என்றேன்.

"திங்கக்கெழம எடுத்துகினு போனேன் மேடம். ரெண்டு நாளு போட்டா. நேத்து காலைல ஒரு கண்ணு தொறக்கவே இல்ல. மூஞ்சி பூரா தண்ணியா வடியுது." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நீங்க சொன்ன பாட்டிலுதான் மேடம். மாத்தி எடுக்கல. எழுத்தெல்லாம் ஒண்ணாதான் கீது."

அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். தெரியாத பாஷையில் தப்பான பாட்டிலை எடுத்துப் பெண்ணின் கண்ணைக் கெடுத்துவிட்டோமோ என்று ஒரு நாள் முழுக்கக் குமைந்திருக்கிறாள். பக்கத்துக் கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். முகத்தில் என்ன போட்டாய் என்று டாக்டர் கேட்டதற்கு, பாட்டில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வருமே என்று பயந்து, ஒன்றும் போடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணின் கண்ணுக்கு ஒன்றும் ஆகாதுதானே மேடம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வயிற்றுவலி என்று எழுதி அவுட் பாஸ் கொடுத்து, அந்தப் பழைய தோல் டாக்டரிடமே பெண்ணைக் கூட்டிப்போய் உண்மையைச் சொல், பாட்டிலைக் காட்டு என்று அனுப்பினேன். அந்தப் புது பாட்டிலின் பேட்ச் நம்பரை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

லேபுக்கு வந்து கதவைச் சாத்தினேன். மணி ஒன்று. அந்த இரண்டு விவரத் தாள்களையும் மறுபடி எடுத்தேன். பெயர் ஒன்று, அடர்த்தி ஒன்று. என் டிக் எல்லாம் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. மூன்றாவது தடவை படித்தபோதுதான் கண்ணில் பட்டது. பழைய கம்பெனியின் தாளில், இரண்டாவது பக்கத்தில் அடியில், டிரம்மில் இருக்கும் சரக்கு கெடாமல் இருக்க என்ன மருந்து சேர்த்திருக்கிறோம் என்று ஒரு வரி இருந்தது. அது எம்.ஐ. இல்லை, வேறு மருந்து. புதுக் கம்பெனியின் தாளில் அப்படி ஒரு வரியே இல்லை.

இருந்த வரிக்கெல்லாம் நான் டிக் அடித்தேன். இல்லாத வரிக்கு யார் டிக் அடிப்பது? சோப்புத் தண்ணீர் மாதிரியான சரக்கு, நம் ஊர் வெயிலில் வாரக்கணக்கில் டிரம்மில் கிடக்கிறது. மருந்து எதுவும் போடாமல் இருந்தால் மூடியைத் திறக்கும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். நம் டிரம் நாற்றமே இல்லாமல் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் உள்ளே ஏதோ ஒரு மருந்து இருக்கிறது, என்னவென்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இது பாட்டிலின் பின்பக்கத்துக்கும் வராது. நாங்கள் பட்டியலில் நுரைப்பொருளின் பெயரை மட்டும் போடுவோம், அதற்குள் என்ன இருக்கிறது என்று போடுவதில்லை. கன்னியம்மா எத்தனை முறை விரல் வைத்துப் பார்த்தாலும் இரண்டு பாட்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

எம்.ஐ.யைக் கண்டுபிடிக்கும் கருவி எங்கள் லேபில் கிடையாது. புதுக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிக்குப் போன் போட்டேன். டிரம்மில் என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டேன். டெக்னிக்கல் ஆள் லீவு மேடம், திங்கட்கிழமை மெயில் பண்றோம் என்றார். எம்.ஐ. இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். அதெல்லாம் எல்லாரும் போடறதுதான் மேடம் என்று சொல்லிவிட்டு, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே லாரி பின்பக்கமாக வந்து ஏற்றுமிடத்தில் நின்றது.

மேலாளர் அறைக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் அன்று காலைதான் வெள்ளை பாட்டிலை வாங்கும் கம்பெனிக்காரர்களிடம், சாயங்காலம் சரக்கு உங்கள் குடோனில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஏற்கெனவே தாமதம், போனில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பேட்சை அனுப்ப வேண்டாம் சார், டிரம் மேல் எனக்குச் சந்தேகம் என்றேன். எல்லா டெஸ்டும் பாஸ், கையெழுத்தும் நீங்கள்தானே போட்டீர்கள், இப்போது என்ன திடீரென்று என்றார். ஒருவருக்கு முகத்தில் ஒவ்வாமை வந்திருக்கிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கேட்டைத் தாண்டாத பேட்ச் மேடம் அது. யார் மூஞ்சில போய் உக்காந்துச்சு?"

அவருக்குப் பதில் தெரியும், அதனால்தான் கேட்டார்.

"பேரைக் குடுங்க, லாரிய நிறுத்தறேன். பேரு இல்லன்னா அது வெறும் பேச்சு. பேச்சுக்கெல்லாம் லாரிய நிறுத்த முடியாது."

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், லாரி நின்றுவிடும். அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். கன்னியம்மாவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. மோனிஷாவிடம் கண் சரியாகும்வரை கடைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து அம்மாவுக்கும் திருட்டுப் பட்டத்தோடு வேலை போனால் அவர்கள் என்ன செய்வார்கள்?

திரும்பி என் அறைக்கு வந்தேன். மூன்றேகால். எனக்கு ஒரு அதிகாரம் உண்டு, யார் சம்மதமும் இல்லாமல் ஒரு பேட்சை நான் நிறுத்தி வைக்கலாம். அதற்கென்று ஒரு ரெஜிஸ்டர். அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாமல் நிறுத்த முடியாது. அந்தப் பக்கத்தின் நகல் முதலாளிக்கும் போகும், சரக்கு வாங்கும் கம்பெனிக்கும் போகும். ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏற்றுமிடத்திலிருந்து பெட்டி வைக்கும் சத்தம் தொம் தொம் என்று வந்துகொண்டே இருந்தது.

மனதுக்குள் தராசைத் தூக்கினேன். ஒரு பக்கம் ஒருத்தியின் வேலை. இன்னொரு பக்கம், பாட்டிலின் முன்பக்கத்தை நம்பி வாங்கப்போகும் எத்தனையோ மோனிஷாக்களின் கண். ஒருத்திக்காக அத்தனை பேரையும் பலி கொடுப்பதா என்று கேட்டுக்கொண்டேன். கேட்கும்போதே பெரிய மனுஷித்தனமாக இருந்தது. பேனாவை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில், 'பேக்கிங் ஊழியர் க' வரை எழுதினேன்.

எழுதிய கை அங்கேயே நின்றது. அட்டைப்பெட்டிக்குப் பின்னால் எழுத்து எழுத்தாக நகர்ந்த அந்த விரல் ஞாபகம் வந்தது. அவள் சாப்பிடாமல் உட்கார்ந்து தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் என் தப்பைக் கண்டுபிடித்து இரண்டு மணி நேரம் ஆகிறது. அதை மேலாளரிடம் சொன்னேனா? இல்லை. டிரம் சரியில்லை என்றேன், எவருக்கோ ஒவ்வாமை என்றேன். தாளில் ஒரு வரி இல்லை, அதைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று மட்டும் வாயில் வரவில்லை. லாரியை நிறுத்தப் போதுமான காரணம் என் மேஜைமேலேயே, என் கையெழுத்தோடு கிடந்தது. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது, அதுவரை ஒரு மெமோகூட வாங்கியதில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் ஒரு கூலிக்காரியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த ரெஜிஸ்டரில் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அடித்தேன், கையெழுத்திட்டேன். அதற்குக் கீழே இப்படி எழுதினேன்: 'புதிய நுரைப்பொருளின் விவரத் தாளில், கெடாமல் காக்கும் மருந்து பற்றிய வரி இல்லை. அதைக் கவனிக்காமல், வித்தியாசம் இல்லை என்று கையெழுத்திட்டது நான். விவரம் வரும்வரை இந்தப் பேட்சை நிறுத்துகிறேன்.'

பேட்சை நிறுத்தியதற்கு அடையாளமாகப் பெட்டிகளில் ஒட்டும் மஞ்சள் அட்டைகளை எடுத்துக்கொண்டு ஏற்றுமிடத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் அந்த வயதில் ஓட முடிந்த அளவுக்கு. டிரைவர் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கதவைத் திறக்கச் சொல்லி முதல் பெட்டியில் அட்டையை ஒட்டினேன். மேலாளர் வந்தார். அத்தனை பேர் முன்னாலும் என்னை என்ன கேட்க வேண்டுமோ எல்லாம் கேட்டார், இத்தனை வருட அனுபவத்துக்கு இதுதான் லட்சணமா என்பதையும் சேர்த்து. நான் ரெஜிஸ்டரை அவர் கையில் கொடுத்தேன். படித்தார். திரும்பிப் போனார். ஏற்றிய பெட்டிகளை எல்லாம் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்கள்.

சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் மெயில் வந்தது. டிரம்மில் எம்.ஐ. இருக்கிறது, எல்லா டிரம்மிலும் வழக்கமாகப் போடுவதுதான் என்று சாதாரணமாக எழுதியிருந்தார்கள். பேட்ச் முழுவதையும் கொட்டினோம். எனக்கு மெமோ வந்தது. நியாயமாக வர வேண்டியது, வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ரெஜிஸ்டர் திறந்திருந்தது, பக்கத்தில் அவுட் பாஸ் புத்தகம். அடித்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த 'க' யாரு மேடம்?"

பேக்கிங்கில் 'க'வில் தொடங்கும் பெயர் மூன்று பேருக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை பாதி நாளில் வெளியே போனது ஒருத்திதான். கை தவறி எழுதியது சார், அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்றேன். அவர் அவுட் பாஸ் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டையும் மூடி ஓரமாக வைத்தார். இனிமேல் கோணல் பாட்டில் ஒவ்வொன்றையும் உங்கள் கண் முன்னால் வெட்ட வேண்டும், ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்றார். சரி சார் என்றேன்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் நின்று வெட்ட வைத்தேன். நல்ல சரக்கு சாக்கடையில் போவதைப் பேக்கிங் பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரிஜெக்ட் மேடம்தான் போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கன்னியம்மாவுக்கு உண்மை தெரியும். ஆனால் அதை அவள் சொல்ல வேண்டுமென்றால் தன்னையும் சொல்ல வேண்டும். அவள் பேசாமல் இருந்தாள், நானும் பேசாமல் இருந்தேன்.

மோனிஷாவின் கண் தேறியது. முகம் பழையபடி ஆக மூன்று வாரம் பிடித்தது, கடையிலும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பழைய கம்பெனியின் நுரைப்பொருளே திரும்ப வந்தது. இந்த முறை டிரம்மில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் எழுதி வாங்கினேன். ஒரு தாளில் ஏதாவது ஒரு வரி இல்லாவிட்டால் அது வரும்வரை பேனாவின் மூடியைக்கூடத் திறப்பதில்லை. என் மூக்குக்கண்ணாடியைவிட அந்தப் பழக்கம் எனக்கு அதிகம் உதவியது. இதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

புதுச் சரக்கு கடைக்கு வந்ததும் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு வெள்ளை பாட்டில் வாங்கினேன். கேட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பில்லையும் அதில் ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றினேன். சாப்பாட்டு நேரத்தில் கன்னியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரம்வரைக்கும் கேட்டு எழுதி வாங்கிவிட்டேன், அந்த மருந்து இதில் இல்லை, நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். எழுத்துகள்மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். பிறகு இரண்டு கையாலும் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"உங்கள நம்பாம இல்ல மேடம். அவ கைதான் போவ மாட்டேங்குது. வெறும் தண்ணியிலதான் மூஞ்சி கழுவுறா."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மணி அடித்தது, அவள் எழுந்து லைனுக்குப் போய்விட்டாள்.

அந்த பாட்டில் இன்னும் என் வீட்டு அலமாரியில் திறக்காமல் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் பெண்கள் இப்போதும் போனை நீட்டி எது பெட்டர் என்று கேட்கிறார்கள். பட்டியலில் முதலில் இருக்கும் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும், மற்றதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்கிறேன். ஆன்ட்டிக்கு வயசாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.